வாய்க்காலைக் காட்டு, பிறகு மாடியைக் கட்டு!

தோழரே,

ஞாயிற்றுக்கிழமைக் காலையிலே நாளேட்டை விரித்ததும், செய்தியைத் தேடுகிற நமது கண்ணை முதலிலே மறித்து நிற்பது எது? அடுக்குமாடி விளம்பரம்! முழுப் பக்கத்துக்கு நீலவானம்; அந்த வானத்தை முட்டுகிற மாளிகை; மாளிகையின் மடியிலே நீச்சற்குளம்; குளத்தின் கரையிலே புல்வெளி; புல்வெளியிலே ஒரு பூங்குழந்தை. படுக்கையறை எத்தனை, பந்தாடும் இடம் எத்தனை, பணம் கட்டத் தவணை எத்தனை என்பதெல்லாம் அதிலே உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று. அந்தப் படத்திலே மழை பெய்வதில்லை!

படத்திலே பெய்யாத மழை, பாரிலே பெய்கிறது. சென்னையிலே ஆண்டொன்றுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி அக்டோபரிலே தொடங்கி டிசம்பரிலே முடிகிற மூன்று மாதங்களுக்குள், சில நாட்களிலே, சில மணி நேரங்களிலே கொட்டித் தீர்த்துவிடுகிறது. அப்படிக் கொட்டுகிற நேரத்திலே, மாளிகையின் கூரையிலும், கற்பலகை பதித்த முற்றத்திலும், மகிழுந்து நிறுத்துமிடத்திலும் விழுகின்ற தண்ணீர் எங்கே போகிறது? எந்த வழியாகப் போகிறது? யாருடைய வாயிற்படியிலே போய் நிற்கிறது? இந்தக் கேள்வியை எழுப்பவே இன்று எழுதுகோல் எடுத்தேன். விடை தெரிந்தவர்கள் விடை கூறட்டும். விடை கூறாமலே கட்டத் தொடங்குபவர்களை, கட்ட விடலாமா என்பதை நீங்கள் கூறுங்கள்.

காகிதம் முடிந்த இடத்திலே கடமை முடிந்ததாம்!

விளம்பரப் படம் ஒன்று; அலுவலகத்துக்குப் போகும் வரைபடம் வேறொன்று. முன்னது வாங்குவோர் கண்ணுக்கு. பின்னது அனுமதி தருவோர் மேசைக்கு. அந்த இரண்டாவது படத்தைத்தான் நீங்களும் நானும் பார்க்கவேண்டும். பார்ப்பது கடினமான காரியமல்ல. அஞ்சவேண்டாம், அருகே வாருங்கள்.

மனையின் நான்கு எல்லை, கட்டடத்தின் தடம், உள்தெருவின் அகலம், தீயணைப்பு வண்டி திரும்பும் வளைவு, பத்து விழுக்காடு திறந்தவெளி இவை யாவும் தடித்த கோட்டிலே தெளிவாக வரையப்பட்டிருக்கும். வடிகால் எங்கே? உற்றுப் பாருங்கள். ஓரத்திலே, எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு புள்ளிக்கோடு. அதன் முனையிலே ஓர் அம்புக்குறி. அந்த அம்பு சாலை வடிகாலைக் காட்டுகிறது. சரி, அந்தச் சாலை வடிகால் எங்கே போகிறது? அதன் அகலம் என்ன, ஆழம் என்ன, எந்த வாய்க்காலிலே சேர்கிறது, அந்த வாய்க்கால் உயிரோடு இருக்கிறதா, புதைக்கப்பட்டுவிட்டதா? படத்திலே விடை இல்லை. ஏன் என்றால், படத்தின் எல்லை அங்கே முடிந்துவிடுகிறது. காகிதம் முடிந்த இடத்திலே கடமையும் முடிந்துவிட்டதாம்!

தண்ணீருக்கு அந்தக் காகித எல்லை தெரியுமா, தோழரே? பட்டா யாருடையது, புறம்போக்கு எது, மதிற்சுவருக்கு உள்ளே இருப்பவர் யார், வெளியே இருப்பவர் யார் என்று அது கேட்கிறதா? வெள்ளம் பள்ளத்தை நாடும் என்பது நமது பாட்டிமார் அறிந்த பௌதிகம். அந்தப் பௌதிகத்தைப் படித்துப் பட்டம் பெற்றவர்கள்தாம், பள்ளத்தைப் படத்திலே காட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உணர்ச்சியிலே பேசுகிறான் என்று ஒருவரும் கூறவேண்டாம். ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஐந்து ஏக்கர் மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்திலே 50 மில்லிமீட்டர் மழை. வடகிழக்குப் பருவக்காற்று மும்முரமாக வீசும் நாளிலே சென்னைக்கு இது புதுமையல்ல. அந்த மனையின்மீது விழும் நீர் 10 இலட்சம் லிட்டர்.

அது புல்லும் புதருமான வெற்று நிலமாக இருந்தால், பத்திலே மூன்று பங்குதான் வழிந்தோடும் என்று கொள்ளலாம். அதாவது 3 இலட்சம் லிட்டர். அதே நிலம் கூரையாலும் காரையாலும் மூடப்பட்டுவிட்டால், பத்திலே ஒன்பது பங்கு, 9 இலட்சம் லிட்டர், வெளியே ஓடும். மண்ணின் தன்மைக்கும் சரிவுக்கும் ஏற்ப இந்த விகிதம் மாறும், திசை மாறாது. ஒரே மணி நேரத்திலே, முன்பு வராத 6 இலட்சம் லிட்டர் தண்ணீர் அண்டைத் தெருவுக்கு வருகிறது. 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியை நீங்கள் அறிவீர்கள். கோடையிலே குடத்தோடு அதன் பின்னால் ஓடியவர்களல்லவா நாம்? அத்தகைய லாரிகள் ஐம்பதை ஒரு மணி நேரத்திலே உங்கள் தெருவிலே கவிழ்த்தால் எப்படியிருக்கும்? அப்படி இருக்கும்!

அந்த நீரை வாங்கிக்கொள்ளத் தெருவிலே என்ன இருக்கிறது? மாடி வருவதற்கு முன்பு, ஓட்டு வீடுகளுக்கும் ஒற்றை மாடி வீடுகளுக்கும் போட்ட பழைய வடிகால். குழாயின் விட்டம் பாதியானால் அது கொண்டுசெல்லும் நீரும் பாதியாகும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே சரிவிலே வைத்தால், 60 சென்டிமீட்டர் குழாய் கொண்டுசெல்வதிலே ஏறத்தாழ ஆறிலே ஒரு பங்கைத்தான் 30 சென்டிமீட்டர் குழாய் கொண்டுசெல்லும். ஆகவே, உள்ளே அழகிய அகலக் குழாய் பதித்து, வெளியே குறுகிய பழங்குழாயிலே கொண்டுபோய்ச் செருகினால், அது வடிகாலாகாது. அடுத்த வீட்டுக்காரன்மீது திருப்பிய பீரங்கியாகும்.

இது மழைநீர்க் கணக்கு மட்டும். கழிவுநீர்க் கணக்கு வேறு. 400 குடியிருப்பு, குடும்பத்துக்கு ஐவர், 2,000 பேர். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவுப்படி 2,70,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதிலே ஐந்திலே நான்கு பங்கு, 2,16,000 லிட்டர், கழிவாக வெளியேறும். நாள்தோறும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். புதைசாக்கடை இல்லாத இடத்திலே அது எங்கே போகும்? ஒன்று லாரியிலே போகும். அல்லது இருட்டிலே மழைநீர் வடிகாலுக்குப் போகும். வெள்ளம் வடிந்த பிறகு சுவரிலே நிற்கும் கறுப்புக்கோடு எதனாலானது என்று, அதைத் தேய்த்துக் கழுவிய தாய்மாரைக் கேளுங்கள்.

மண்ணைக் கொட்டும் மாயம்

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தாழ்வான நிலத்திலே கட்டுவதற்கு முன்பு, மனை வெள்ளத்திலே மூழ்குமா என்று நீர்வளத்துறையைக் கேட்கிறார்கள். கேட்பது முறை, நாம் குறை கூறவில்லை. விடையாக வருவது என்ன? மனையை இத்தனை மீட்டர் உயர்த்துக என்ற நிபந்தனை. உடனே லாரி லாரியாக மண் வருகிறது. மனை மேடாகிறது. மேட்டின்மீது மாளிகை எழுகிறது. மாளிகை மூழ்காது. உண்மை! ஆனால் அந்தப் பள்ளத்திலே ஆண்டுதோறும் அடக்கமாக நின்று, மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் என்ன ஆகும்?

அதே இரண்டு ஹெக்டேர். அதிலே அரை மீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கி நின்றது என்று வைத்தால், அது ஒரு கோடி லிட்டர். எண்ணூறு லாரிக்கும் மேல்! மண்ணைக் கொட்டியதும் அந்த ஒரு கோடி லிட்டரும் மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. எங்கே? நேற்று வரை மேட்டிலே இருந்ததாக எண்ணி, இன்று பள்ளத்திலே விழித்துக்கொண்ட பழைய தெருவுக்கு. அங்கே இருப்பவன் மண் கொட்டவில்லை, மாடி கட்டவில்லை, மனு போடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தான். அவனைச் சுற்றி உலகம் உயர்ந்துவிட்டது. மனை மூழ்குமா என்று கேட்டவர்கள், மனையால் மற்றவன் மூழ்குவானா என்று கேட்டார்களா?

மதிற்சுவரும் அப்படியே. சரிவான நிலத்திலே, நீர் இயல்பாக ஓடிய போக்குக்குக் குறுக்கே, ஓர் ஓட்டைகூட இல்லாமல் எழுப்புகிற நீண்ட சுவர் கோட்டையல்ல, அணை. அணை கட்ட அரசு எத்தனை ஆராய்ச்சி செய்கிறது! இந்த அணைக்கு ஆராய்ச்சி உண்டா?

தெருவின் கதையும் இதுவே. தார் தேய்ந்ததும், பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத்தார் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. படியேறி வீட்டுக்குள் போன காலம் போய், படியிறங்கி வீட்டுக்குள் போகும் காலம் வந்துவிட்டது பல தெருக்களிலே. சாலையின் அகலத்தை அளக்கிற அளவுகோல், சாலையின் மட்டத்தை அளந்தால் என்ன?

ஊர்ப் பெயரே சாட்சி

இவையெல்லாம் எதிர்பாராமல் வந்தவை என்று கூறுவோர் உண்டு. ஊர்களின் பெயரைப் படிக்கக் கற்றவர்கள் அப்படிக் கூறமாட்டார்கள். பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல்! தாங்கல் என்றால் என்ன? நீரைத் தாங்கிய சிற்றேரி. 1920-களிலே மாம்பலத்துப் பேரேரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரம் எழுந்தது; ஏரி போய்விட்டது, மேற்கு மாம்பலத்திலே லேக் வியூ சாலை என்ற பெயர் மட்டும் இல்லாத ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நுங்கம்பாக்கத்திலே ஏரி இருந்த இடத்துக்கு இன்றும் லேக் ஏரியா என்றே பெயர். முகப்பேரிலே வீட்டுவசதி வாரியம் வகுத்த குடியிருப்புக்குப் பெயரே ஏரித் திட்டம்! ஏரியை அழித்தவர் தனியார் மட்டுமல்லர், அரசும் கைகொடுத்திருக்கிறது. எந்தக் கொடி கோட்டையிலே பறந்தபோதும் இது நடந்திருக்கிறது.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். தென்சென்னையின் ஏரிகள் பல வழிந்தோடி வந்து சேரும் சதுப்பு. அங்கிருந்து ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளம் முகத்துவாரத்துக்கும் நீர் போகவேண்டும். ஒருபுறம் குப்பைக் கிடங்கு, ஒருபுறம் நிறுவனங்கள், ஒருபுறம் சாலை, எல்லாப் புறமும் மாடி என்று நெருக்கி நெருக்கி, 2022-ஆம் ஆண்டிலே ராம்சார் பட்டியலிலே இடம்பெற்றபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். பழைய பரப்பு அதைப்போலப் பன்மடங்கு. அந்தச் சதுப்பின் தாக்கப் பகுதி எதுவென்று வரையறுக்கப்படும் வரையில், எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரிலே உத்தரவிடவேண்டி வந்தது. அளந்த பிறகு அனுமதி தருவதா, அனுமதி தந்த பிறகு அளப்பதா? நீதிமன்றம் சொல்லித்தானா இது தெரியவேண்டும்?

2015 டிசம்பர் முதல் நாளை மறந்துவிட்டீர்களா? தாம்பரத்திலே ஒரே நாளிலே 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரைபுரண்டது. மாடியிலே இருந்தவர்கள் மாடியிலே சிக்கினார்கள். தரையிலே இருந்தவர்கள் தண்ணீரிலே சிக்கினார்கள். அந்தப் பருவத்திலே நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். இயற்கையின் சீற்றம் என்றார்கள் ஆளவந்தார்கள். 2018-லே சட்டமன்றத்திலே வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை என்ன கூறியது? மனிதரால் விளைந்த பேரிடர் என்று கூறியது. எதிர்க்கட்சி மேடையின் ஏச்சு அல்ல, தோழரே. தணிக்கைத் துறையின் தீர்ப்பு!

2021 நவம்பரிலே மீண்டும் வெள்ளம். திருப்புகழ் தலைமையிலே குழு அமைத்தார்கள். 2023-லே அறிக்கை வந்தது. அதே 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் மழையும் வந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் படகு விட்டார்கள். அறிக்கையை எழுதி முடித்த மை உலர்கிறது, தெரு உலரவில்லை.

குடிசை என்றால் ஆக்கிரமிப்பு. கோபுரம் என்றால் வளர்ச்சி!

இனி நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். வெள்ளம் வந்ததும் முதலிலே குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்டவர் யார்? கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தவர். ஆக்கிரமிப்பாளர் என்று அவருக்குப் பெயர். அவருடைய ஓலைக்கூரைதான் ஆற்றை மறித்ததாம்! பெயர்த்தெடுத்தார்கள். எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பெரும்பாக்கத்திலே, செம்மஞ்சேரியிலே. அது மேடா? அதே சதுப்பின் வடிநிலம்! ஆற்றின் வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கூறி, சதுப்பின் வெள்ளத்திலே கொண்டுபோய் இறக்கினார்கள். வேலையை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவிட்டு, பிள்ளையின் பள்ளியை விட்டுவிட்டு வந்தவன், மழைக்காலத்திலே முழங்கால் தண்ணீரிலே நின்று கேட்கிறான்: என் குடிசை ஆக்கிரமிப்பு என்றால், அதோ நீர்நிலையின் ஓரத்திலே நிற்கும் அந்தக் கோபுரத்துக்கு என்ன பெயர்?

அதற்கு வளர்ச்சி என்று பெயர், தோழரே! ஓலையால் மறித்தால் ஆக்கிரமிப்பு. உருக்காலும் காரையாலும் மறித்தால் வளர்ச்சி. முன்னதை இடிக்க இயந்திரம் வரும். பின்னதை முறைப்படுத்த விதி வரும். அனுமதியில்லாத மனைப்பிரிவுகளை முறைப்படுத்துவதற்கென்றே 2017-லே தனி விதிகள் வகுக்கப்படவில்லையா? வேறு வழியின்றி அங்கே சிறுமனை வாங்கி ஏமாந்த எளிய குடும்பத்தை நான் பழிக்கவில்லை. பிரித்து விற்றவன் பணத்தோடு போய்விட்டான். பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி பதவி உயர்ந்து போய்விட்டார். வாங்கியவன் மட்டும் கட்டணமும் கட்டி, கணுக்கால் தண்ணீரிலும் நிற்கிறான். இந்த நீதியைத்தான் எதிர்க்கிறேன்.

சட்டம் இல்லையா?

சட்டம் இல்லாமல் இல்லை. சட்டம் சட்டியிலே இருக்கிறது; அகப்பையிலே வரவில்லை, அவ்வளவுதான்! 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும் என்பது 2006 முதல் விதி. ஏரிகளைக் காக்க 2007-லே ஒரு சட்டம். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டருக்கு மேல் எழுவது உயர்மாடி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலே, தெரு நீங்கலாகப் பத்து விழுக்காடு திறந்தவெளியாகப் பொதுமக்களுக்கு ஒப்படைக்கப்படவேண்டும். 2016-ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், அனுமதிபெற்ற வரைபடத்தையும், சாலை, வடிகால் முதலிய பணிகளின் திட்டத்தையும் வெளியிடு என்கிறது. மூன்றிலே இரண்டு பங்கு வாங்குவோரின் எழுத்து இசைவின்றி மனைப்படத்தை மாற்றாதே என்கிறது.

இத்தனையும் இருந்தும் தெரு மூழ்குகிறதே, ஏன்? ஒவ்வொரு மனையையும் தனித்தனியாக, மற்றவை எவையும் இல்லாததுபோல ஆராய்கிறார்கள். ஒரு துறை உயரத்தைப் பார்க்கிறது. ஒரு துறை தீயைப் பார்க்கிறது. ஒரு துறை கழிவைப் பார்க்கிறது. ஒரு துறை வெள்ளத்தைப் பார்க்கிறது. நான்கு பேரும் நான்கு கையெழுத்து இடுகிறார்கள். நால்வரும் சேர்ந்து, ஒரு மழைநாளிலே, அந்தத் தெருமுனையிலே குடைபிடித்து நின்று பார்த்ததுண்டா? பத்து மாளிகைக்காரரும் ஒரே சிறுபாலத்தைக் காட்டி, எங்கள் நீர் அதன் வழியே போகும் என்கிறார்கள். பத்துக் கோப்பிலும் அந்தப் பாலம் ஒருவருக்கே உரிய பாலம்போலத் தோன்றுகிறது. தண்ணீர் வந்தபோதுதான் தெரிகிறது, பத்துப் பேருக்கு ஒரே சோற்றுப்பொட்டலம் வாக்களிக்கப்பட்டிருக்கிறது என்பது!

மறுப்புரைக்கு மறுமொழி

வீடு வேண்டாமா என்று சீறுவார்கள். வேண்டும்; அடுக்குமாடியே வேண்டும். நிலம் குறைந்த நகரத்திலே மேலே எழுவதுதான் அறிவுடைமை என்றுகூடச் சொல்வேன். வாடகைக்கு வாழ்நாளைத் தொலைத்த ஆசிரியரும், எழுத்தரும், செவிலியரும் இருபது ஆண்டுக் கடனிலே ஒரு கூரை வாங்குகிறார்கள். அவர்கள் நமக்குப் பகைவரல்லர். கீழே வாகனம் மூழ்கி, மின்தூக்கி நின்று, கிழத்தாயைத் தோளிலே சுமந்து பத்து மாடி இறங்குகிறவரும் அவர்தாம். மேட்டிலே இருப்பவரையும் பள்ளத்திலே இருப்பவரையும் மோதவிட்டு, இருவருக்கும் நடுவிலே இலாபத்தோடு நழுவுகிறவனைத்தான் பிடிக்கச் சொல்கிறேன்.

மழைநீர் சேமிப்புக் கிணறு இருக்கிறதே என்பார்கள். 2003 முதல் கட்டாயம், நல்ல சட்டம், மணற்பாங்கான நிலத்திலே நற்பயன் தந்த சட்டம். ஆனால் நவம்பரிலே நிலத்தடி நீர் தரைமட்டத்தைத் தொட்டு நிற்கிற சதுப்பு ஓரத்திலே, கிணறு ஏற்கனவே நிறைந்திருக்கிறதே! நிறைந்த குடத்திலே எத்தனை குடம் ஊற்றுவீர்?

இது பொறியியல் நுட்பம், பாமரனுக்கு என்ன புரியும் என்பார்கள். இதுதான் என்னைச் சுடுகிற சொல். வரப்பிலே நின்று, வானத்தைப் பார்த்து, எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்கு எத்தனை நாழிகையிலே நீர் போய்ச் சேரும் என்று சொன்ன நீர்கட்டி எந்தப் பல்கலைக்கழகத்திலே படித்தான்? ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போக, அது நிறைந்து அதற்கடுத்த ஏரிக்குப் போக என்று, தொண்டை மண்டலத்தையே ஏரித்தொடராக வகுத்தவன் யார்? பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டிலே ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. அந்த வாரியத்திலே ஏரி வெட்டிய உழைப்பாளிக்கு இருக்கை இல்லை. ஆகவே அந்தப் பழமையை நான் பூசிக்கவில்லை. ஆனால், தண்ணீர் ஊரின் பொதுக்காரியம், அதை ஊர் கூடி ஆளவேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்ததே! அன்று சிலருக்கு மட்டும் இருந்த அந்த உரிமையை, வாக்குரிமை பெற்ற எல்லோருக்கும் இன்று தா என்கிறேன். இது பேராசையா?

நாம் கேட்பது என்ன?

முதலாவது, வரைபடம் மனையின் சுவரோடு முடியக்கூடாது. மனையின் மட்டம், சுற்றுத் தெருக்களின் மட்டம், நீர் போய்ச் சேரும் வாய்க்காலின் மட்டம் மூன்றும் ஒரே தாளிலே, கடைசி மதகு வரையிலே காட்டப்படவேண்டும்.

இரண்டாவது, மண் கொட்டி எவ்வளவு நீரை வெளியே தள்ளுகிறாரோ, அவ்வளவு நீரை அதே வளாகத்துக்குள் தேக்கிவைக்க இடம் காட்டவேண்டும். திறந்தவெளியைத் தாழ்வாக அமைத்தால் மழைநாளிலே குளம், வெயில்நாளிலே பூங்கா. செலவு ஆகும், ஆகட்டும். இன்று அந்தச் செலவை அண்டைத் தெருவின் அரிசி மூட்டையும் படுக்கையும் பாடப்புத்தகமும் கொடுக்கின்றனவே!

மூன்றாவது, வடிகால் முதலிலே, மாடி பிறகு. வெளி வடிகால் கட்டி முடிந்து, நீர் விட்டுப் பார்த்து, ஓடுகிறது என்று கண்ணால் கண்ட பிறகே பணி நிறைவுச் சான்று. அந்தச் சான்று இல்லையேல் மின் இணைப்பு இல்லை, கழிவுநீர் இணைப்பு இல்லை.

நான்காவது, வரைபடம் தமிழ் விளக்கத்தோடு, மனையின் வாயிலிலும் வட்ட அலுவலகத்திலும் முப்பது நாள் தொங்கவேண்டும். 2022-லே விதி வகுத்து அமைத்த பகுதி சபை இருக்கிறதே, அது தேநீர் அருந்திக் கலைவதற்கா? அங்கே படத்தை விரித்து வையுங்கள். மக்கள் கேட்கும் கேள்விக்கு எழுத்திலே விடை தாருங்கள்.

ஐந்தாவது, ஒப்பமிட்ட அதிகாரியின் பெயர் அந்தப் பலகையிலே இருக்கட்டும். திறப்பு விழாக் கல்லிலே பெயர் பொறிக்கத் தெரிந்தவர்களுக்கு, திட்டப் பலகையிலே பெயர் எழுத ஏன் கூச்சம்?

உங்கள் பங்கு

ஆட்சியாளர்களிடம் கேட்டுவிட்டு நாம் உறங்கப்போவதா? இல்லை. உங்கள் தெருவிலே வேலியடைத்து மண் கொட்டத் தொடங்கினால், அன்றே நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். மனையின் சர்வே எண்ணைக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்து அ-பதிவேட்டிலே அந்த எண்ணும், அதன் பக்கத்து எண்களும் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். ஏரியா, ஓடையா, வாய்க்காலா, தாங்கலா? புலப்படத்திலே ஓடியிருக்கும் ஓடை, புதுப்படத்திலே ஓடுகிறதா என்று ஒப்பிடுங்கள். தர மறுத்தால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலே இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் தவணை. சென்ற வெள்ளத்திலே உங்கள் சுவரிலே நின்ற நீரின் அடையாளத்தை அழித்துவிடாதீர்கள். அதன்மேல் ஆண்டும் நாளும் எழுதி வையுங்கள். எந்தப் பொறியாளரும் மறுக்க முடியாத மட்டக்கோடு அது. உங்கள் உடைமையை விலையாகக் கொடுத்து நீங்கள் வாங்கிய சாட்சியம் அது.

மாடியிலே வீடு வாங்கப் போகிறவரா நீங்கள்? சமையலறைக் கல்லின் நிறத்தைக் கேட்பதற்கு முன்பு, தண்ணீர் போகும் தடத்தைக் கேளுங்கள். காட்டாதவனிடம் கையொப்பம் இடாதீர்கள். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே கேள்வியை ஒரே குரலிலே கேட்கும் நாளிலே, அந்தப் புள்ளிக்கோடு தடித்த கோடாகும். காகிதத்து அம்பு கால்வாயாகும்.

மழை மீண்டும் வரும், தோழரே. அது தேர்தலைப் பார்த்து வருவதில்லை; தேதி கேட்டு வருவதில்லை. அது வருமுன் நாம் கேட்டாகவேண்டும். உயரத்தைக் காட்டி மயக்குகிறவனைப் பார்த்து, தெருவிலே நின்று, உரத்த குரலிலே கேளுங்கள்:

வாய்க்காலைக் காட்டு, பிறகு மாடியைக் கட்டு!